ஒத்திப் பணத்தில் எழுந்த மாடி: அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே முன்பக்கத்து வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

பெமிலா சாயாவுக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தபடி நின்றாள். காது மட்டும் வெளியே இருந்தது. முதலில் இட்லிக் கொப்பரை. பிறகு வாளிகள். கடைசியாக சிப்ஸ் பொரிக்கும் பெரிய உருளி தரையில் இழுபடும் சத்தம். உருளியைக் கட்டிவிட்டாள் என்றால், செல்லத்தாய் அக்கா இனி அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை.

போன வியாழக்கிழமை செல்லத்தாய் ஒரு பத்திர நகலைக் கொண்டுவந்து மேசையில் விரித்ததிலிருந்தே பெமிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூதப்பாண்டியில் இரண்டு சென்ட், பழைய ஓட்டு வீடு. விலை எட்டு லட்சம். கையிலிருந்த தாலிச் செயினை விற்று, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதி ஆறு லட்சத்தைத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் கொடுக்க வேண்டும். கெடு தவறினால் வீடும் கிடையாது, முன்பணமும் கிடையாது.

அந்த ஆறு லட்சம் பெமிலாவின் மாமனார் யேசுரத்தினத்திடம் பத்திரமாக இருக்கிறது என்று செல்லத்தாய் நம்பியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒத்திக்குக் குடிவந்தபோது அவள் கொடுத்த பணம் அது. ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம். போகும்போது கொடுத்தது அப்படியே கைக்குத் திரும்பி வரும்.

திரும்பி வர வேண்டிய பணம் இப்போது முதல் மாடியின் தூண்களுக்குள் இருந்தது.

யேசுரத்தினம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக் கம்பி இழுப்பது போலத்தான் வீடும் கட்டினார். குலசேகரத்தில் இருந்த ரப்பரை விற்றுப் பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கினார். பின்னால் இருந்த சின்ன வீட்டில் குடும்பத்தைக் குடிவைத்துவிட்டு, முன்னால் பேங்கில் பதினெட்டு லட்சம் கடன் எடுத்து இரண்டு வீடு கட்டினார். அந்த இரண்டையும் ஒத்திக்கு விட்ட பன்னிரண்டு லட்சத்தில் மேலே இரண்டு வீடு எழும்பியது. அதை ஒத்திக்கு விட்ட பணத்தில் அதற்கும் மேலே இரண்டு. கடைசி இரண்டுக்கு கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஒத்திப் பணம் வாங்கியாகிவிட்டது.

"வீடே வீட்டைக் கட்டும் மக்ளே" என்று அப்போது பெமிலாவிடம் சொன்னார். "நாம சும்மா பக்கத்துல நின்னாப் போதும்."

யாராவது வீட்டைக் காலி செய்தால் அடுத்து வருகிறவரின் பணத்தை வாங்கி முன்னவருக்குக் கொடுப்பது என்பது ஏற்பாடு. இரண்டு தடவை அது சரியாகவே நடந்தது. சபையில் நாலு பேர் அவரிடம் யோசனை கேட்டு வந்தார்கள். அவரும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது ஆறு வீடு இருக்கிறது. ஆறிலும் ஆள் இருக்கிறது. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தால் ஒரு ரூபாய் வாடகை வராது. பேங்கு தவணை பத்தொன்பதாயிரமும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் பெமிலாவின் கணவன் பிரபினின் சம்பளத்திலிருந்து போகிறது. பெமிலாவின் இருபத்துநான்கு பவுனும் மேல் மாடிக்கு டைல்ஸ் பதித்த மாதமே அடகுக்குப் போய்விட்டது.

பெமிலா இதையெல்லாம் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் தலைக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எங்கேயோ தான் ஒன்றை விட்டுவிட்டோம் என்றும், அதைக் கண்டுபிடித்தால் பணம் வந்துவிடும் என்றும் அவளுக்குத் தோன்றியது. ஒன்றையும் விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயாவை வடிகட்டிக் கொண்டுபோனபோது மாமனார் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. இன்றைக்கு சபையில் அறுப்பின் பண்டிகை.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு மக்ளே."

"இந்த வருஷம் ஏலம் கேக்க வேண்டாம் மாமா. ஆராதனை முடிஞ்சதும் வந்துருவோம்."

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் தங்கள் விளையிலிருந்து காய், கிழங்கு, தேங்காய், கோழி என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு எல்லாம் ஏலத்துக்கு வரும். வருகிற பணம் சபைக்கு. முதலில் வருவது எப்போதும் ஒரு வாழைக் குலை. அந்த முதல் குலையை நான்கு வருஷமாக யேசுரத்தினம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் சீப்பைக் கீழே வைத்தார். "நாலு வருஷம் கேட்டவன் அஞ்சாவது வருஷம் வாயை மூடிக்கிட்டு நின்னா, ஊருக்கு என்ன அர்த்தம்? கையில ஒண்ணுமில்லன்னு நோட்டீசு ஒட்டுனது போலல்லா."

"கையில ஒண்ணுமில்லதானே மாமா."

"அது எனக்கும் உனக்கும் தெரியும். சுயம்புராஜுக்குத் தெரியாண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "ஒத்திக்கு வாறவன் செவரைப் பாக்கமாட்டான் மக்ளே. வீட்டுக்காரனைத்தான் பாப்பான். இன்னைக்கு அவரையும் பண்டிகைக்கு விளிச்சிருக்கேன். வந்து பாக்கட்டும். சாயங்காலம் ஆறரை லச்சமும் நம்ம மேசைல இருக்கும். அதுல ஆறை நாளைக்கு செல்லத்தாய் கையில குடுத்துட்டு நான் நிம்மதியா உறங்குவேன்."

சுயம்புராஜ் களியக்காவிளையில் தேங்காய் மொத்த வியாபாரி. மகளுக்கு நாகர்கோவிலில் நர்சிங் படிப்பு. துணைக்கு மனைவியும் வந்து இருக்க வீடு தேடிக்கொண்டிருந்தார். புரோக்கர் மூலமாக வந்த ஒரே ஆள். முன்பெல்லாம் ஒத்தி என்றால் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். இப்போது வருகிறவர்கள் வாசலிலேயே வில்லங்கச் சான்று கேட்கிறார்கள். பிறகு போன் எடுப்பதில்லை.

மாமியார் இறந்தபிறகு அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. சாயாவை மேசையில் வைத்துவிட்டு பெமிலா திரும்பினாள். அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று கேட்டால் அவளால் காட்டியிருக்கவும் முடியாது.

* * *

சபைக்குப் புறப்படும் முன் மஸ்கட்டுக்கு அடித்தாள். அங்கே ஞாயிறு வேலை நாள். பிரபினின் குரலுக்குப் பின்னால் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான், நாளைக்கு பதினோரு மணிக்குள்ள ஏதாவது கிட்டுமா?"

"கூட்டுக்காரன் ஒருத்தன் ஒண்ணரை லச்சம் தாறேன்னான் பெமி. ஆனா வியாழக்கிழமை கழியணும்."

"ஒண்ணரையை வச்சு என்ன செய்ய?"

"அந்த ஆளு இன்னைக்கு வாறாருல்லா? வருவாரு. அப்பாவுக்க கணக்குல ஒரு தப்பும் இல்ல. ஒருத்தரு போனா இன்னொருத்தரு வரணும். அவ்வளவுதானே?"

"வரல்லன்னா?"

அவன் போனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ 'இதோ வாறேன்' என்றான்.  

"பெமி, போர்மேன் விளிக்காரு. உச்சைக்கு, சாப்பாட்டு நேரத்துல அடிக்கேன்" என்றான்.

* * *

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது மணி பதினொன்று. கோயிலுக்குப் பக்கத்துப் பந்தலில் பூசணியும் சேனையும் தேங்காயும் குவிந்திருந்தன. கால் கட்டப்பட்ட சேவல் ஒன்று பிரசங்கத்தின் நடுவிலும் கூவியது, இப்போதும் கூவிக்கொண்டிருந்தது.

செல்லத்தாய் மகள் நந்தனாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நெற்றியில் வழக்கமான வெள்ளை நாமம். அவர்கள் சபையைச் சேராத அய்யாவழிக்காரர்கள், ஆனாலும் மூன்று வருஷமாக இந்தப் பண்டிகைக்கு ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் இரண்டு கிலோ அவள் வீட்டிலிருந்து வரும். பெமிலா அலுவலக வேலை பார்க்கும் முந்திரி ஆலையின் கேண்டீனுக்கும் அவள்தான் சிப்ஸ் போடுவாள். அங்கேதான் பழக்கம். "எனக்க மாமாவுக்க வீட்டுல ஒண்ணு ஒத்திக்கு இருக்கு அக்கா" என்று சொன்னது பெமிலாதான். ஒத்திப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் அவளுடையது.

"முகம் எதுக்கு மக்ளே வாடிக் கெடக்கு?" என்றாள் செல்லத்தாய். "நான் போறேன்னு வருத்தமா? பூதப்பாண்டி என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினா அரை மணிக்கூர்."

பெமிலா சிரிக்க முயன்றாள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு டெனிஷ் பெஞ்சில் ஏறினான். கமிட்டியிலேயே சின்ன வயசு, வாய் மட்டும் பெரிசு.

"முதல் படையல்! செந்துளுவன் குலை! பன்னிரண்டு சீப்பு. தந்தவரு எண்ணித் தந்தது. நான் ஒண்ணும் பிச்சுத் தின்னல்ல!"

கூட்டம் சிரித்தது. பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுயம்புராஜ் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, மடியில் சின்னத் தோல் பை. அந்தப் பையில் பணம் இருக்குமா என்று பெமிலா பார்த்தாள். ஆறரை லட்சம் அவ்வளவு சின்னப் பையில் அடங்குமா என்றும் யோசித்தாள். ஐந்நூறு ரூபாய்க் கட்டு என்றால் பதின்மூன்று. அடங்கும்.

ஏலம் ஐந்நூறில் தொடங்கியது. ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம். பத்துக்கு மேல் இரண்டே பேர். ஒருவர் யேசுரத்தினம். மற்றவர் டைல்ஸ் கடை ராஜமணி.

"பதினஞ்சு!" என்றார் ராஜமணி.

"இருவது" என்றார் யேசுரத்தினம், தலையைத் திருப்பாமலேயே.

"அண்ணாச்சிக்கு என்ன! ஆறு வீட்டு ஒத்திப் பைசா பெட்டிக்குள்ள கெடந்து பூத்துப் போவுது. கொஞ்சம் வெயில் காட்டட்டும்" என்று ராஜமணி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இருவத்தஞ்சு!"

பந்தலில் மறுபடி சிரிப்பு. போன வருஷம் பதினெட்டாயிரத்தில் முடிந்த ஏலம். மாமா இதோடு விட்டுவிடுவார் என்று பெமிலா எதிர்பார்த்தாள்.  ஆனால் அவர் கண் நாற்காலிப் பக்கம் போனதை அவள் பார்த்தாள். சுயம்புராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது."

"முப்பத்தஞ்சு!"

"நாப்பது."

ராஜமணி ஒரு ஐந்நூறைச் சேர்த்தார். யேசுரத்தினம் இன்னொரு ஐந்நூறைச் சேர்த்தார். ராஜமணி சிரித்துக்கொண்டே கையை விரித்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"நாப்பத்தோராயிரம் ஒருதரம்... ரெண்டுதரம்... எங்க லைன் இன்ஸ்பெக்டர் அண்ணாச்சிக்கு!"

கைதட்டல் எழுந்தது. போதகர் வந்து யேசுரத்தினத்தின் தோளைத் தட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து பத்தாயிரம் எடுத்துக் கமிட்டி மேசையில் வைத்து, மீதி அடுத்த ஞாயிறு என்று எழுதச் சொன்னார். அந்தப் பத்தாயிரம் பேங்கு தவணைக்காக நேற்று பெமிலா எடுத்துக் கொடுத்தது.

செல்லத்தாய் பெமிலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா மக்ளே! உங்கிட்ட சொல்லப்பிடாதுன்னு இருந்தேன். எனக்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா உறங்கல்ல. 'அண்ணாச்சி இழுத்தடிக்காரே, பைசா இருக்குமா, இருக்குமா'ன்னு ஒரே புலம்பல். ஒரு குலைக்கு நாப்பத்தொண்ணு கேக்க மனுஷன் எனக்க ஆறு லச்சத்தை வச்சிட்டா இல்லன்னு சொல்லப்போறாரு? இப்பவே போன் அடிச்சு அந்த மனுஷனுக்க வாயை அடைக்கேன்."

"அக்கா..."

"எட்டி நந்தனா, அப்பாவுக்கு அடி. வண்டியை உச்சைக்கே கொண்டுவரச் சொல்லு. இன்னைக்கே சாமானை ஏத்திருவோம்."

பெமிலா நாற்காலிப் பக்கம் பார்த்தாள். சுயம்புராஜ் கைதட்டவில்லை. பையை மடியிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

* * *

மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். பெமிலா சாயா கொண்டு வைத்தாள். குலை சுவரில் சாய்ந்து கிடந்தது. யேசுரத்தினம் பத்திரத் தாளை எடுத்து விரித்துப் பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாம் எழுதி வச்சிருக்கேன். பேரு மட்டும் போடணும்."

சுயம்புராஜ் தாளைத் தொடவில்லை. "அண்ணாச்சி, தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லுங்க."

"முப்பது வருஷமா தேங்கா வியாபாரம் செய்யேன். லோடு எடுக்கதுக்கு முன்ன ஆளைப் பாத்துத்தான் எடுப்பேன். நேத்து நீங்க எனக்கு நாலு தடவை போன் அடிச்சிய. ஆறரை லச்சமும் இன்னைக்கே வேணும், நாளைக்கு ஒம்பது மணிக்கு மேல போவப்பிடாதுன்னு. இன்னைக்கு ஆயிரம் ரூவா குலைக்கு நாப்பத்தொண்ணு கேட்டிய. எனக்கு அது ரெண்டும் சேரமாட்டேங்கு."

"அது சபைக் காரியம்லா. சாமிக்குக் குடுக்கது."

"சாமிக்குக் குடுக்கது கொள்ளாம், நல்ல காரியம்தான். நான் அதைச் சொல்லல்ல." அவர் குரலில் கோபம் இல்லை. "பைசா இருக்கப்பட்டவரு ஒரு வாரம் பொறுப்பாரு. பொறுக்க முடியாதவரு குலை கேக்கமாட்டாரு. இதுல நீங்க யாருன்னு எனக்கு மனசிலாவல்ல."

யேசுரத்தினம் பத்திரத் தாளை மேசையில் நேராக்கி வைத்தார்.  பெமிலா தட்டைப் பிடித்தபடி கதவருகே நின்றாள். ஏதாவது சொல்லி உதவ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

"வீடு ஒழியட்டும். சாவி எனக்க கையில வரணும். மூலப்பத்திரம் ஒரிஜினலை நான் கண்ணால காணணும். வில்லங்கம் போட்டுப் பாக்க எனக்க மச்சினன்கிட்ட சொல்லுகேன். எல்லாம் நேரா இருந்தா வியாழக்கிழமை பைசாவோட வாறேன். மூலப்பத்திரம் எங்க இருக்கு?"

"பேங்குல" என்றார் யேசுரத்தினம்.

"லாக்கர்லயா?"

யேசுரத்தினம் தலையாட்டினார்.

பேங்கில் இருந்தது உண்மை. லாக்கரில் இல்லை, பதினெட்டு லட்சம் கடனுக்கு ஈடாக இருந்தது. மாமனார் பொய் சொல்லிப் பெமிலா பார்த்தது இதுதான் முதல் தடவை. அதுவும் வாயால் சொல்லவில்லை. வில்லங்கச் சான்று போட்டால் முதல் பக்கத்திலேயே அது தெரிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சுயம்புராஜ் பாதி சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது பெமிலாவைப் பார்த்து, "வாறேன் மோளே" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிவு அவளுக்கு என்னவோ போலிருந்தது.

* * *

கேட்டுக்கு வெளியே கார் போன பிறகும் யேசுரத்தினம் எழுதாத பத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நான் கேட்டது தப்பா மக்ளே?" என்று கேட்டார். "நாப்பத்தொண்ணு வேண்டாமாயிருந்தோ? இருவதுல நிறுத்தியிருந்தா அவன் நம்பியிருப்பானோ?"

இருபதில் நிறுத்தியிருந்தால், அண்ணாச்சி கையில் ஒன்றுமில்லை என்று ராஜமணி இதே வாயால் சொல்லியிருப்பார். 

"இப்ப என்ன செய்ய மாமா?"

அவர் நிமிர்ந்தார். திட்டம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் வரும் தெளிவு வந்துவிட்டது.

"செல்லத்தாய்ட்ட போய் சாவியை வாங்கிட்டு வா."

"பைசா குடுக்காமலா?"

"அவளே ஒழிச்சுட்டுத்தானே நிக்கா? சாவி கையில வந்தா வீடு காலின்னு நாளைக்கே ஆளைக் காட்டலாம். இவரு இல்லன்னா வேற ஆளு. வியாழன், இல்லன்னா வெள்ளி. பூதப்பாண்டிக்காரன்ட்ட நான் போன்ல பேசி ஒரு வாரம் கெடு வாங்குகேன். காலி வீடு இல்லன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான் மக்ளே."

"அவன் கெடு தரல்லன்னா?"

"தருவான்."

"மாமா, நீங்கதானே அன்னைக்கு அக்காகிட்ட சொன்னிய? பத்திரம் எழுதின அன்னைக்கு. பைசா முழுசும் கையில கிட்டாம சாவியை எவன் கேட்டாலும் குடுக்கப்பிடாது, குடியிருக்க வரைக்கும்தான் ஒத்திக்காரனுக்குப் பிடிமானம்னு."

"சொன்னேன்" என்றார். நேர்மையாகத்தான் அன்றைக்குச் சொன்னார். இன்றைக்கும் அவருக்குத் தான் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பு இல்லை. "அது வேற ஆளுகளுக்கு மக்ளே. நாம குடுக்காமலா போவோம்? நீ போ. நான் போனா அவ பைசாவைப் பத்திக் கேப்பா. உங்கிட்ட கேக்கமாட்டா."

அதுதான் பெமிலாவின் நெஞ்சில் போய் நின்றது. உங்கிட்ட கேக்கமாட்டா.

போகமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவரே போவார். அவர் போனால் செல்லத்தாய் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிடுவாள். பெமிலா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மணி நான்கு. பதினோரு மணிக்கு இன்னும் பத்தொன்பது மணிக்கூர்.

* * *

முன்பக்கம் லோடு ஆட்டோ முக்கால்வாசி நிறைந்திருந்தது. செல்லத்தாயின் கணவன் பொன்னுலிங்கம் பீரோவுக்கு மேல் ஏறி நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். வண்டி அவனுடையது. கீழே நின்று செல்லத்தாய் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையை இறுக்கிக் கெட்டும்வே! வழியில உருளி உருண்டு போனா நீரும் கூட உருண்டு போவணும்."

"உனக்க நாக்கைக் கெட்ட ஒரு கயிறு கிட்டினா நான் நல்லா இருப்பேன்" என்றான் அவன். ஆனால் குஷியாக இருந்தான். பெமிலாவைக் கண்டதும் இறங்கி வந்து வேட்டியில் கையைத் துடைத்தான். "அண்ணாச்சிகிட்ட சொல்லும்மா. மனசுல நான் என்னென்னமோ நெனச்சேன். தப்பா எடுக்கப்பிடாது."

பெமிலா செல்லத்தாயின் பின்னால் வீட்டுக்குள் போனாள்.

வீடு துடைத்து விட்டது போல் இருந்தது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைக்கூட சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள் செல்லத்தாய். பாத்ரூம் குழாய்க்குப் புது வாஷர் போட்டதையும் காட்டினாள். "அடுத்து வாறவங்க ஒரு குறை சொல்லப்பிடாது பாரு."

பிறகு முற்றத்துக்கு வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பெமிலாவின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து மூடினாள்.

"பைசா குடுத்த பொறவு தாறதுதான் முறை. ஆனா உங்கிட்ட என்ன முறை? நாளைக்கு பத்தரைக்கே ரிஜிஸ்தர் ஆபீசுல நாங்க நிப்போம். மாமாவைக் கூட்டிட்டு நீயும் வா. முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்கு. சாயங்காலம் பால் காச்சணும். நீதான் பாலை ஊத்தணும், கேட்டியா? உன்னாலல்லா எல்லாம்."

சாவி சூடாக இருந்தது. இடுப்புச் சூடு.

பேசாமல் திரும்பி நடந்தால் போதும். ஒரு வாரம் கெடு கிடைக்கலாம். வியாழக்கிழமை யாராவது வரலாம். மாமா சொல்லுகிறபடி இரண்டு தடவை நடந்ததுதானே? மூன்றாவது தடவை நடக்காது என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியுமா? இதுவரை எதையுமே அவள் உறுதியாகச் சொன்னதில்லை.

"அக்கா" என்றாள். சாவியை நீட்டினாள். "சாவி உங்க கையிலயே இருக்கட்டும்."

"எதுக்கு? நாங்க இனி..."

"சாமானை இறக்குங்க அக்கா. வீட்டைப் பூட்டிட்டுப் போவாதீங்க. பைசா கைக்கு வரது வரைக்கும் உள்ளயே இருங்க."

செல்லத்தாய் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று முதலில் நினைத்தாள். பெமிலா நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததைப் பார்த்துச் சிரிப்பு மெல்ல நின்றது.

"நாளைக்கு கிட்டாதா மக்ளே?"

கிட்டாது என்று பெமிலா தலையாட்டினாள்.

"மறுநாளு?"

பெமிலா சாவியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

செல்லத்தாய் சாவியை எடுத்துக்கொண்டாள். அழுவாள், ஏசுவாள் என்று பெமிலா பயந்தாள். செல்லத்தாயோ வண்டிப் பக்கம் போய், அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்திருந்த கணவனிடம், "ஓய், வண்டியை நிறுத்தும்" என்றாள். எந்திரம் நின்றது. "உருளியை இறக்கும்" என்றாள்.

"என்னட்டி ஆச்சு?"

"இறக்கும்னு சொன்னேன்லா."

பொன்னுலிங்கம் மனைவியைப் பார்த்தான், பெமிலாவைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். இரண்டு லட்சத்தைப் பற்றி அவன் கேட்டிருந்தால்கூடப் பெமிலாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

செல்லத்தாய் திரும்பி வந்து பெமிலாவின் எதிரே நின்றாள். அவள் கண் பெமிலாவைத் தாண்டி மேலே போனது. முதல் மாடிக்கும் அதற்கு மேலேயும்.

"மேல உள்ள வீட்டுக்காரங்களும் ஒத்திதானே?"

"ஆமா அக்கா."

"ஆறு வீடும்?"

"ஆறும்."

"அவங்க பைசாவும் இப்படித்தான் இருக்கா?"

பெமிலா பதில் சொல்வதற்குள் தலையில் ஒரு துளி தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில், துவைத்த போர்வையை உலர்த்த வந்த மேல்வீட்டு ஒத்திக்காரி ஸ்மைலின், அதைப் பிழியாமல் கையில் பிடித்தபடி கீழே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"ஏங்க," என்று ஸ்மைலின் தன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க ஒண்ணு வாங்க."